றோசா பார்க்ஸ் ஏறாத பஸ்

கடந்த ஒக்டோபரில் ஒரு மாலை. ஆறு வயதுப் பேத்தியைப் பாடசாலையிலிருந்து கூட்டிக்கொண்டு வெம்பிளியில் பஸ் தரிப்பிடத்தில் நின்றிருந்தேன். அவளது கையில் நிறம் தீட்டிய ஒரு தாள். மூக்குக்கண்ணாடி அணிந்த ஒரு பெண், தொப்பி போட்ட ஒரு சாரதி, பச்சையும் மஞ்சளுமாக ஒரு பஸ். ஒக்டோபர் இங்கே கறுப்பின வரலாற்று மாதம். 1987இல் லண்டனில் தொடங்கிய வழக்கம். தாளில் இருந்த பெண் றோசா பார்க்ஸ். அவரது கதையை ஆங்கிலமும் தமிழும் கலந்து சொல்லி முடித்தபின் பேத்தி கேட்டாள்: "அம்மப்பா, உங்கட ஊர் பஸ்ஸில ஆர் பின்னால இருந்தவை?"

"எங்கட ஊரில எல்லாரும் ஒண்டாய்த்தான் இருந்தனாங்கள்" என்றேன்.

நான் சொன்னது பொய். இலங்கையில் பஸ் சேவை 1958இல் தேசியமயமாக்கப்பட்டு, சிவப்பு நிற இ.போ.ச. பஸ்கள் ஓடத் தொடங்கிய காலத்தில் நான் சிறுவன். அறுபதுகளின் தொடக்கத்தில் ஒரு நாள் அப்பாச்சியுடன் யாழ்ப்பாணம் போய்க்கொண்டிருந்தேன். நான் யன்னலோரம், எனக்குப் பக்கத்தில் அப்பாச்சி, அவருக்கு மறுபக்கத்து இருக்கை வெறுமையாக இருந்தது. அடுத்த தரிப்பிடத்தில் ஒரு முதியவர் ஏறினார். எமது வளவுப் பனைகளில் ஏறுபவர். அவர் அந்த இருக்கையைப் பார்த்ததாகக்கூடக் காட்டிக்கொள்ளவில்லை. ஆனாலும் அப்பாச்சி மடியில் வைத்திருந்த உமலை எடுத்து அந்த இருக்கையில் வைத்தார். முதியவர் பின்படிக்கு அருகே தரையில் குந்தினார். கொண்டக்டர் வந்து இருவரிடமும் காசு வாங்கிக்கொண்டு போனார். ஒருவரும் ஒரு வார்த்தை பேசவில்லை. இத்தனை வருடங்களின் பின்னும் எனக்கு நினைவில் நிற்பது அந்த உமல்தான்.

இதனைப் பேத்திக்கு நான் ஏன் சொல்லவில்லை என்பதை எழுத முனைகிறேன். அதற்கு முன்னர் அவளது ஆசிரியை சொன்ன கதையையும் பார்க்கவேண்டும். ஏனெனில் எனது பொய்க்கு இடம் தந்தது அந்தக் கதையின் வடிவம்.

நான் வரலாற்றறிஞன் அல்லன். ஊரில் சில வருடங்கள், 1972ஆம் ஆண்டுக் கல்விச் சீர்திருத்தத்தில் வரலாறும் புவியியலும் குடியியலும் ஒன்றாகக் கரைக்கப்பட்டு உருவான சமூகக்கல்வி என்ற பாடத்தைப் படிப்பித்தேன். லண்டனில் பதினொரு வருடங்கள் ஆரம்பப் பாடசாலைகளில் வகுப்பறை உதவியாளனாக வேலை செய்தேன். சனிக்கிழமைகளில் ஒரு தமிழ்ப் பாடசாலையில் தொண்டராசிரியன். ஆகவே, கரும்பலகைக்கு முன்னால் நின்றதைக் காட்டிலும் பிள்ளைகளுக்குப் பக்கத்தில் சின்னக் கதிரையில் குந்தியிருந்து கேட்ட பாடங்களே அதிகம். இந்த விமர்சனமும் அந்த உயரத்திலிருந்து எழுதப்படுவதே.

அமெரிக்க வரலாற்றைச் சிறுவர்களுக்கு எப்படிக் கற்பிப்பது என்ற சண்டை அமெரிக்காவில் ஓய்ந்ததில்லை. 1994இல் வெளியான தேசிய வரலாற்று நியமங்கள் நாட்டின் பெருமையைக் குறைக்கின்றன என்ற கூச்சல் எழுந்து, 1995 ஜனவரியில் செனற் சபை 99க்கு 1 என்ற வாக்குகளால் அவற்றைக் கண்டித்தது. 2019இல் 'நியூயோர்க் ரைம்ஸ்' அடிமை முறையை மையமாக வைத்து '1619' என்ற தொகுப்பை வெளியிட, அதற்குப் பதிலடியாக 2020இல் ட்றம்ப் '1776' ஆணைக்குழுவை அமைத்தார். இரு தரப்பும் பிள்ளைகளின் மண்டைக்குள் இடம்பிடிக்கவே அடிபடுகின்றன. அது வெளிப்படையான சண்டை, பார்க்கிறவனுக்கு யார் எங்கே நிற்கிறார் என்றாவது விளங்கும்.

லண்டனில் அந்தச் சண்டை இல்லை. இங்கே அமெரிக்க வரலாறு சத்தமின்றி வகுப்பறைக்குள் வருகிறது. இங்கிலாந்தில் பாடத்திட்டச் சண்டை இல்லாமலில்லை. மைக்கல் கோவ் கல்வி அமைச்சராக இருந்தபோது 2013இல் வந்த வரைவில் அரசர்களும் போர்களும் வரிசையாக நிரம்பியிருந்தமைக்கு எதிராக வரலாற்றாசிரியர்கள் கிளம்பினார்கள். மேரி சீக்கோலை நீக்குவதற்கெதிராக மனுக்கள் எழுதப்பட்டன. எல்லாம் பிரித்தானிய வரலாறு பற்றியே. 2014 செப்டம்பரில் நடைமுறைக்கு வந்த இறுதிப் பாடத்திட்டத்தில், ஐந்து முதல் ஏழு வயதுப் பிள்ளைகளுக்கு எடுத்துக்காட்டாகக் கூறப்பட்ட ஆளுமைகளின் பட்டியலைப் பாருங்கள். முதலாம் எலிசபெத்தும் விக்ரோறியாவும் ஒரு சோடி. கொலம்பசும் நீல் ஆம்ஸ்ரோங்கும் ஒரு சோடி. றோசா பார்க்சும் எமிலி டேவிசனும் இன்னொரு சோடி. பதினொன்று முதல் பதினான்கு வயதினருக்கு, உலக வரலாற்றுக்கான உதாரணங்களாக முகலாய இந்தியா, சிங் வம்சச் சீனா, ரஷ்யப் பேரரசுகள் ஆகியவற்றுடன் இருபதாம் நூற்றாண்டு அமெரிக்காவும் இருக்கிறது. இவை கட்டாயமல்ல, உதாரணங்களே. ஆனால் நேரமில்லாத ஆசிரியருக்கு உதாரணமே பாடத்திட்டமாகிவிடும். படத்தாள்களும் சிறுவர் நூல்களும் எதற்கு இலகுவாகக் கிடைக்கின்றனவோ அதுவே படிப்பிக்கப்படும்.

கொலம்பசையும் ஆம்ஸ்ரோங்கையும் ஒப்பிடும் பாடத்தில் ஒரு வருடம் நான் உதவிக்கு இருந்தேன். இருவரும் தூரப் பயணம் போனவர்கள், இருவரும் துணிந்தவர்கள், ஒருவர் கப்பலில், மற்றவர் விண்கலத்தில். சந்திரனில் ஆட்கள் இருக்கவில்லை, 1492இல் கொலம்பஸ் இறங்கிய தீவில் தைனோ மக்கள் இருந்தார்கள் என்ற ஒரேயொரு வித்தியாசத்தை அந்த ஒப்பீட்டுத் தாளில் எழுதுவதற்குக் கட்டம் இல்லை. (எங்களைத் தேடிப் புறப்பட்டு வேறு யாரையோ கண்டுபிடித்த மனிதர் அவர். தப்பித்தோம் என்று சொல்ல முடியாது. ஆறு வருடங்களில் வாஸ்கொ ட காமா கோழிக்கோட்டுக்கு வந்துவிட்டார்.)

றோசா பார்க்சுக்கு வருவோம். வகுப்பறையில் சொல்லப்படும் கதை இதுதான்: வேலை செய்து களைத்துப்போன ஒரு நல்ல தையற்காரப் பெண்மணி பஸ்ஸில் இருந்தார், எழும்பச் சொன்னார்கள், மறுத்தார், பொலிஸ் பிடித்தது, மார்ட்டின் லூதர் கிங் வந்தார், சட்டம் மாறியது, எல்லோரும் ஒன்றாக இருந்தார்கள். அமெரிக்கக் கல்வியாளர் ஹேர்பேட் கோல் 1995இல் வெளியிட்ட தமது கட்டுரைத் தொகுதியில், இந்த 'களைத்துப்போன பெண்மணி' கதையைச் சிறுவர் நூல்களிலிருந்து எடுத்துப் பிரித்துக் காட்டியிருக்கிறார். பார்க்ஸ் தாமே பின்னர் எழுதிய சுயசரிதையில், உடல் களைப்பு எதுவும் தமக்கு இருக்கவில்லை, பணிந்துபோய்ப் போய்த்தான் களைத்திருந்தேன் என்று விளக்கினார்.

1955 டிசம்பர் முதலாம் திகதி அவருக்கு வயது 42. மொன்ற்கொமெரியில் கறுப்பின மக்கள் முன்னேற்றச் சங்கக் கிளையின் செயலாளராகப் பல வருடங்கள் வேலை செய்தவர். அந்தக் கோடையில்தான் தெனெசியிலிருந்த ஹைலாண்டர் பள்ளியில் நிறப்பாகுபாட்டு எதிர்ப்புக்கான பயிற்சிப் பட்டறைக்குப் போய்வந்திருந்தார். வெள்ளையருக்கென ஒதுக்கிய முன்வரிசைகளில் அவர் இருக்கவில்லை. அதற்குப் பின்னால் இருந்த வரிசையில் இருந்தார். வெள்ளையர் இடம் நிரம்பியதும் சாரதி அந்த வரிசையிலிருந்த நால்வரையும் எழும்பச் சொன்னார். மூவர் எழுந்தனர். அதற்கு ஒன்பது மாதங்களுக்கு முன்னர், மார்ச் 2ஆம் திகதி, கிளோடெற் கொல்வின் என்ற 15 வயதுப் பாடசாலை மாணவி அதே நகரத்தில் அதையே செய்து கைதாகியிருந்தாள். அவளை முன்னிறுத்தத் தலைவர்கள் தயங்கினார்கள். வயது போதாது, குடும்பம் வறியது, பிறகு அவள் கர்ப்பமாகவும் இருந்தாள். போராட்டத்துக்கும் ஒரு 'மரியாதையான' முகம் தேவைப்பட்டது. ஆனால் பஸ் பாகுபாட்டைச் சட்டவிரோதமாக்கிய வழக்கில் வாதிகளாக இருந்த நான்கு பெண்களில் கொல்வினும் ஒருத்தி. பார்க்ஸ் அதில் இல்லை. உச்ச நீதிமன்றம் 1956 நவம்பரில் அத்தீர்ப்பை உறுதிசெய்தது. பகிஷ்கரிப்பு 381 நாட்கள் நீடித்தது. ஜோ ஆன் றொபின்சன் என்ற கல்லூரி ஆசிரியை ஒரே இரவில் ஆயிரக்கணக்கான துண்டுப்பிரசுரங்களை உருட்டச்சில் அடித்திருக்காவிட்டால் முதல் நாளே அது நடந்திராது. (உருட்டச்சு என்றதும் எமது வாசகர்களில் பலருக்குக் கைவிரல் மை ஞாபகம் வரும்.) இவ்வளவுக்கும் பிறகு பார்க்ஸ் தையல் வேலையை இழந்து, 1957இல் ஊரைவிட்டே டிற்றொயிற் நகரத்துக்குப் போகவேண்டி வந்தது.

ஆறு வயதுப் பிள்ளைக்கு இத்தனையையும் சொல்ல முடியுமா என்று கேட்கலாம். முடியாது. எதைச் சுருக்குகிறோம் என்பதே கேள்வி. அமைப்பை வெட்டினால் தனிமனிதர் மிஞ்சுகிறார். அமைப்பாகச் சேர்ந்ததை வெட்டினால் களைப்பு மிஞ்சுகிறது. 2023இல் புளோரிடாவில் ஒரு பாடநூல் வெளியீட்டாளர், மாநிலத்தின் புதிய சட்டத்துக்குப் பயந்து தயாரித்த ஒரு வரைவில் நிறத்தையே வெட்டினார். வேறு இருக்கைக்கு மாறும்படி றோசா பார்க்சுக்குச் சொன்னார்கள் என்று மட்டும் இருந்தது. ஏன் சொன்னார்கள் என்பது இல்லை. இச்செய்தியைப் படித்து நானும் சிரித்தேன். அப்பாச்சியின் உமலை மறந்துவிட்டுச் சிரித்தேன்.

இங்கிலாந்து ஏன் இந்தக் கதையை இவ்வளவு விரும்புகிறது? மொன்ற்கொமெரி தூரத்தில் இருக்கிறது என்பதால். பிறிஸ்டல் கிட்ட இருக்கிறது. பஸ் ஓட்டுனர், நடத்துனர் வேலைகளுக்குக் 'கறுப்பர்களை' எடுக்கக்கூடாது என்று பிறிஸ்டல் தொழிற்சங்கக் கிளை தீர்மானம் நிறைவேற்றியது, பார்க்ஸ் கைதான அதே 1955இல். பஸ் நிறுவனம் அரசுடைமையாக இருந்தது. 1963 ஏப்ரலில் போல் ஸ்ரீபன்சன் என்ற இளைஞர் சமூக உத்தியோகத்தர், கை பெய்லி என்ற ஜமேக்க இளைஞருக்கு நேர்முகத் தேர்வு ஒன்றை ஏற்பாடு செய்தார். அவர் மேற்கிந்தியர் என்று தெரிந்ததும் தேர்வு இரத்தானது. மொன்ற்கொமெரியை முன்மாதிரியாகக் கொண்டு பகிஷ்கரிப்புத் தொடங்கியது. ஓகஸ்ட் 28ஆம் திகதி நிறுவனம் பணிந்தது. வாஷிங்டனில் கிங் தமது புகழ்பெற்ற உரையை ஆற்றியதும் அதே நாளில்தான். செப்டம்பரில் அந்நகரின் வெள்ளையரல்லாத முதலாவது நடத்துனராக வேலைக்குச் சேர்ந்தவர் ரக்பீர் சிங் என்ற சீக்கியர். இங்கிலாந்தின் பிள்ளை கிங்கின் உரையைப் படிக்கிறது. ரக்பீர் சிங்கை எத்தனை பிள்ளைகளுக்குத் தெரியும்? நான் உதவிய வகுப்பொன்றின் இளம் ஆசிரியையிடம் இதைச் சொன்னபோது அவர் வெட்கப்பட்டுப்போனார். தனக்கும் பாடசாலையில் பார்க்சைத்தான் சொல்லித் தந்தார்கள் என்றார். நல்லவர். அடுத்த வருடம் ஸ்ரீபன்சனின் படத்தையும் சுவரில் ஒட்டினார்.

அடிமை வர்த்தகத்திலும் இதுவே நடக்கிறது. பதின்மூன்று வயதுப் பிள்ளையிடம் அடிமை முறை என்றால் என்ன படம் மனதில் வருகிறது என்று கேட்டுப் பாருங்கள். பருத்தித் தோட்டம் என்று சொல்லும். ஜமேக்காவினதும் பார்படோசினதும் கரும்புத் தோட்டங்கள், பிரித்தானியரின் சொந்தத் தோட்டங்கள், படத்தில் இல்லை. 1833ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் அடிமைகளுக்கல்ல, அடிமைகளின் சொந்தக்காரருக்கு 2 கோடி பவுண் நட்டஈடு கொடுக்கப்பட்டது. அதற்காக அரசு பட்ட கடன் 2015இல்தான் கட்டி முடிந்தது. அதாவது, இந்நாட்டில் வரி கட்டிய நாங்களும் அதைக் கட்டியிருக்கிறோம்.

இந்த இருட்டடிப்பைக் கண்டு லண்டனில் சிறுவர்களுக்கென்றே எழுதி வெளியிட்டவர்களுள் எங்கள் ஆள் ஒருவரும் உண்டு. 1958 கலவரத்தின்பின் கொழும்பிலிருந்து வந்து, நொட்டிங்ஹில் கலவரத்துக்குள் கால்வைத்த அ. சிவானந்தன். அவரது வழிகாட்டலில் இனங்கள் பற்றிய உறவுகளுக்கான நிறுவனம் எண்பதுகளில் இளையோருக்கான நூல்வரிசையொன்றை வெளியிட்டது. 'இனவாதத்தின் வேர்கள்' 1982இல் வந்தது. 'இனவாதம் பிரித்தானியாவுக்கு எப்படி வந்தது' என்ற சித்திரக்கதை நூல் 1985இல் வந்து அரசாங்கத் தரப்பின் கண்டனத்தையும் வாங்கிக் கட்டிக்கொண்டது. கொலனியாதிக்கமும் அடிமை முறையும் இங்குள்ள தெருவும் ஒரே கதை என்பது அந்நூல்களின் பிடி. சிவானந்தனின் 'நினைவு இறக்கும்போது' நாவலைப் பற்றி எமது இலக்கியச் சந்திப்புகளில் பேசியிருக்கிறோம். அவர் பிள்ளைகளுக்காகச் செய்ததைப் பற்றிப் பேசியதாக எனக்கு நினைவில்லை.

இனி எங்களுக்கு வருகிறேன்.

இங்கிலாந்து தனது பஸ்ஸை மொன்ற்கொமெரிக்குப் பின்னால் மறைக்கிறது என்று எழுதுவது புகலிட எழுத்தாளனுக்கு இலகு. நாமும் அதே படத்தாளுக்குப் பின்னால்தான் நிற்கிறோம். தீண்டாமைக்குட்பட்ட யாழ்ப்பாணத்து மக்களுக்கு மறுக்கப்பட்டவற்றை மானுடவியலாளர் பிறையன் பாஃபன்பேர்கர் 1990இல் எழுதிய ஒரு கட்டுரையில் அடுக்குகிறார். கோயில், கிணறு, தேநீர்க்கடை, சலவைக்கடை, குடை, செருப்பு, சைக்கிள். அந்தப் பட்டியலில் பஸ் இருக்கையும் இருக்கிறது. அலபாமாவில் அது நகரசபைச் சட்டம். எங்களிடம் சட்டம் தேவைப்படவில்லை, ஒரு உமல் போதுமாக இருந்தது. 1957இல் இலங்கையில் சமூகக் குறைபாடுகள் ஒழிப்புச் சட்டம் வந்தது. அது ஏட்டில் இருந்தது. முதியவர் தரையில் இருந்தார்.

ஒன்பதாம் வகுப்பில் பிள்ளைகள் ஜோர்ஜ் வலசின் படத்தைப் பார்க்கிறார்கள். 1963 ஜூன் 11ஆம் திகதி, அலபாமாப் பல்கலைக்கழக வாசலில் கறுப்பின மாணவர் இருவரை மறித்து நின்ற ஆளுநர். ஐந்து வருடங்கள் கழித்து, 1968இல், மாவிட்டபுரம் கந்தசுவாமி கோயில் வாசலில் ஆலயப் பிரவேசத்துக்கு வந்தவர்களை மறித்து நின்ற கூட்டத்துக்குத் தலைமை தாங்கியவர் சி. சுந்தரலிங்கம். ஒக்ஸ்போர்டில் படித்தவர், கணிதப் பேராசிரியர், சுதந்திர இலங்கையின் முதலாவது அமைச்சரவையில் இருந்தவர், மலையகத் தமிழரின் பிரசாவுரிமைப் பிரச்சினையில் பதவியை விட்டு விலகியவர், தனி ஈழம் வேண்டுமென்று முதலில் குரல் கொடுத்தோரில் ஒருவர். இத்தனையும் ஒரே மனிதர். அவரை ஒரு பிள்ளைக்கு எப்படிச் சொல்வது என்பது வலசைச் சொல்வதைவிடச் சிக்கலான பாடம். ஆகவே அதிகம் கற்றுத்தரும் பாடமும் கூட. 1707இல் ஒல்லாந்தர் எழுதுவித்த தேசவழமையில் அடிமைகள் பற்றிய பகுதி இருக்கிறது. இலங்கையில் அடிமை முறை 1844இல்தான் சட்டப்படி ஒழிந்தது. 'அடிமை' என்ற சொல்லை அமெரிக்காவிலிருந்து நாம் இறக்குமதி செய்யவில்லை.

இந்தத் தொடர்பை நாமே வலிந்து கண்டுபிடிக்கிறோம் என்று யாரும் சொல்லவேண்டாம். 1959இல் இந்தியா வந்த கிங் திருவனந்தபுரத்தில் ஒரு பாடசாலைக்குப் போனார். தீண்டத்தகாதோர் எனப்பட்டவர்களின் பிள்ளைகள் படித்த பாடசாலை. அவரை அமெரிக்காவிலிருந்து வந்த இன்னொரு தீண்டத்தகாதவர் என்று அதிபர் அறிமுகம் செய்தார். முதலில் அதிர்ந்துபோனதாகவும், பிறகு யோசித்து, ஆம், நான் அப்படித்தான் என்று ஏற்றுக்கொண்டதாகவும் 1965இல் ஒரு பிரசங்கத்தில் கிங் சொன்னார். தமது கதையை விளங்கிக்கொள்ள அவருக்கு எங்கள் பக்கத்துச் சொல் உதவியது. அவரது கதையை வைத்துக்கொண்டு நாம் எங்கள் பக்கம் திரும்பிப் பார்க்கவில்லை.

நான் படிப்பித்த சனிக்கிழமைப் பாடசாலையின் பெயர் வேண்டாம். எல்லாப் பாடசாலைகளும் ஏறத்தாழ அப்படித்தான். எல்லாளன், சங்கிலியன், பண்டாரவன்னியன். பிறகு 1981இல் எரிந்த யாழ்ப்பாண நூலகம், 1983 ஜூலை. சொல்லவேண்டிய விடயங்களே. ஆனால் எல்லாவற்றிலும் அநீதி வெளியிலிருந்து வருகிறது. 1990இல் வடக்கிலிருந்து முஸ்லிம் மக்களைத் துரத்தியது நான் கையில் வைத்திருந்த எந்தப் பாடநூலிலும் இல்லை. அதுவும் ஓர் ஒக்டோபர் மாதம்.

பேத்தியின் கேள்விக்குச் சில வருடங்கள் முன்னரே, பத்துப் பன்னிரண்டு வயதினருக்காக மூன்று வாரப் பாடம் ஒன்றைத் தயாரித்திருந்தேன். முதல் வாரம் மொன்ற்கொமெரி. இரண்டாம் வாரம் பிறிஸ்டலும் ஹீத்றோவும். 1987 பெப்ரவரியில் விமானத்தில் திருப்பி அனுப்பப்படவிருந்த எம்மவர்கள் ஓடுபாதையருகே உள்ளாடையுடன் நின்று ஏற மறுத்தது இப்போது எத்தனை பேருக்கு நினைவிருக்கிறது? அடுத்த மாதமே, விசா இன்றி ஆட்களை ஏற்றிவரும் விமான நிறுவனங்களுக்கு ஆளுக்கு 1,000 பவுண் தண்டம் விதிக்கும் சட்டமூலம் பாராளுமன்றத்துக்கு வந்தது. மூன்றாம் வாரம், யாழ்ப்பாணத்துப் பஸ்.

நிர்வாகக் குழு முதலிரண்டு வாரங்களையும் வரவேற்றது. ஹீத்றோவைப் பற்றிக் கேட்டு ஒருவர் கண்கலங்கினார். மூன்றாம் வாரத்தை நீக்கும்படி சொன்னார்கள். கோபமாக அல்ல, மிக மரியாதையாக. "மாஸ்டர், இஞ்ச பிறந்த பிள்ளையளுக்குச் சாதியெண்டா என்னெண்டே தெரியாது. தெரியாததை நாங்கள் ஏன் படிப்பிக்கோணும்?" என்று கேட்டார் ஒருவர். இந்தக் கேள்வியை நான் இலேசாக எடுத்துக்கொள்ளவில்லை. மறதியும் ஒரு விடுதலையாக இருக்க முடியும். ஆனால் இங்கே மறதி நடக்கவில்லை. இதே பிள்ளைகளுக்கு இருபத்தாறு வயதாகும்போது, எந்த ஊர், எந்தப் பக்கம், யாருடைய ஆட்கள் என்று தொலைபேசியில் விசாரணை நடக்கும். அன்றைக்குக் கலியாணத் தரகரிடமிருந்து முதல் பாடம் கிடைக்கும். அதைவிட என்னிடமிருந்து கிடைக்கட்டும் என்றேன். குழுவில் சிலர் சிரித்தார்கள். முடிவு மாறவில்லை.

இந்த நாட்டின் அரசும் அப்படித்தான் முடிவெடுத்தது. 2010ஆம் ஆண்டுச் சமத்துவச் சட்டத்தில் சாதியைச் சேர்க்க வழி வைத்தார்கள். 2013இல் சேர்த்தே ஆகவேண்டும் என்று பாராளுமன்றம் திருத்தியது. 2018இல் தேவையில்லை என்று அரசு கைவிட்டது.

இவ்வளவோடு இந்தக் கட்டுரை முடிந்திருந்தால் நான் சரி, குழு பிழை என்று நிம்மதியாக இருந்திருப்பேன். கூட்டம் முடிந்து வெளியே வந்தபோது ஒரு தகப்பன் என்னுடன் நடந்து வந்தார். அவரது மகள் எனது வகுப்பில். கூட்டத்தில் வாயே திறக்காதவர். "மாஸ்டர், அந்தப் பாடம் வேண்டாம்" என்றார். நானும் குழுவுக்குச் சொன்ன பதிலையே தொடங்கினேன். அவர் கையமர்த்தினார். "நீங்கள் படிப்பிச்சா, பிள்ளையள் வீட்டை போய்க் கேக்கும், ஆர் கீழ இருந்தது எண்டு. வீட்டில பேரும் ஊரும் சொல்லுவினம். அடுத்த கிழமை என்ர பிள்ளைக்குப் பக்கத்தில ஆர் இருப்பினம்?"

எனக்குப் பதில் வரவில்லை. இன்றும் முழுமையான பதில் இல்லை. றோசா பார்க்சின் கதையை ஒரு வகுப்பறையில் சொல்லும்போது, அதைச் சொல்லிக் காட்டிக்கொடுக்க எதுவுமில்லை. நிறம் ஏற்கெனவே எல்லோர் கண்ணுக்கும் தெரிகிறது. அந்தக் கதை வடிவம் அமெரிக்காவிலிருந்து வந்தது, தெரிகின்ற ஒன்றைப் பற்றிய கதை. எங்கள் அநீதி லண்டனில் தெரியாமல் இருப்பதால்தான் அந்தப் பிள்ளை ஒரே மேசையில் இருக்கிறது. நான் உமலை வைத்தவரின் பேரன். உண்மையைச் சொன்னால் எனக்குக் கிடைப்பது நேர்மையானவன் என்ற பெயர். அதற்கான செலவு அந்தச் சிறுமியுடையது. எமது சஞ்சிகைகளில் சாதி பற்றி நாம் எழுதிய துணிச்சலான கட்டுரைகள் பலவற்றுக்கு இந்தக் கணக்கு பொருந்தும். இதனையும் சேர்த்தே சொல்கிறேன்.

இருந்தும், மௌனம் அவரைப் பாதுகாக்கிறதா, எங்களையா? கதையை 'யார் கீழே இருந்தார்கள்' என்று சொல்லாமல் 'யார் உமலை வைத்தார்கள்' என்று சொன்னால் என்ன? மொன்ற்கொமெரிப் படத்தாளில் எல்லோரும் பார்க்சுக்கே நிறம் தீட்டுகிறார்கள்; எழும்பச் சொன்ன சாரதிக்கும், அவருக்குப் பின்னால் நின்று இடத்துக்காகக் காத்திருந்த வெள்ளைப் பயணிக்கும் ஒரு பெயர், ஒரு வீடு, ஒரு பேத்தி இருந்திருப்பார்கள். அவர்கள் பக்கத்திலிருந்து அந்தக் கதையைச் சொல்லும் சிறுவர் நூல் ஒன்றையும் இந்தப் பதினொரு வருடங்களில் நான் காணவில்லை. எங்களிடம் அப்படியொன்று தொடங்குவதானால் எனது அப்பாச்சியிலிருந்து தொடங்கலாம். அதற்கு யாரிடமும் அனுமதி கேட்க வேண்டியதில்லை. ஊர் ஊராகப் பிள்ளைகள் போய் விசாரிக்கவும் தேவையில்லை.

அதை அந்தத் தகப்பனிடம் தொலைபேசியில் சொன்னேன். யோசித்துச் சொல்கிறேன் என்றார். மூன்று வாரங்களாக அழைப்பில்லை. பிறகு ஒரு சனிக்கிழமை, மகளைக் கூட்டிப்போக வந்தவர் காரை நிறுத்திவிட்டு என்னிடம் வந்தார். தன்னுடைய ஆச்சி சந்தைக்குக் கடகத்தோடு ஐந்து மைல் நடந்தே போய்வந்தவ என்றார். பஸ் ஓடிய பாதைதான். காசும் இருந்ததாம். தரையில் இருக்க மாட்டேன் என்று சாகும்வரை நடந்தாவாம். 381 நாட்கள் என்று நீங்கள் பிள்ளைகளுக்குச் சொன்னதாக மகள் வந்து சொன்னாள், அதனால்தான் ஞாபகம் வந்தது என்றார்.

இதை எழுதலாமா என்று கேட்டேன். எழுதுங்கோ, ஊரின் பெயரைப் போடவேண்டாம் என்றார்.

பேத்திக்கு உமலைப் பற்றி நத்தார் விடுமுறையில் சொன்னேன். முழுவதையும் கேட்டுவிட்டு, பைக்குள் என்ன இருந்தது என்று கேட்டாள்.